தாயின் தீனியும் குட்டியின் உயிரும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது முதுமொழி. பன்றி வளர்ப்பைப் பொறுத்தவரை, அந்த முளைக்கும் முந்திய ஓர் இடம் உண்டு. அதுவே தாய்ப்பன்றியின் தீனித்தொட்டி. பிறக்கப்போகும் குட்டி உரத்தோடு பிறக்குமா, பிறந்த இரவைக் கடக்குமா, பால் மறக்கும் நாள்வரை வாழுமா என்னும் வினாக்களுக்குரிய விடையிற் பெரும்பகுதி, அக்குட்டி கண் விழிப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அத்தொட்டியில் எழுதப்பட்டுவிடுகின்றது.

புத்தளம் மாவட்டத்தின் தென்புறக் கரையோரத்தில், மகா ஓயா கடலோடு கலக்கும் இடத்திலிருந்து வாய்க்கால், வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம் என்று வடக்கு நோக்கிச் செல்வோர் இரு மருங்கும் தென்னந்தோப்புகளையே காண்பர். 1929ஆம் ஆண்டிலே தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இப்பகுதியிலுள்ள லுணுவிலையில் அமைந்ததும் இதனாலேயே. ஒரு பக்கம் கடல் மீனைத் தருகின்றது. மறுபக்கம் தென்னை கொப்பறாவைத் தருகின்றது. கொப்பறாவிலிருந்து எண்ணெய் வடித்தபின் எஞ்சும் புண்ணாக்கு கால்நடைக்கு உணவாகின்றது. இலங்கையில் பன்றி வளர்ப்பு மிகுதியாக நடைபெறும் மேற்குக் கரையோர வலயம் இங்கிருந்தே தொடங்கிக் கம்பஹா, கொழும்பு மாவட்டங்கள்வரை நீள்கின்றது. கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு, வளவின் பின்புறத்திலே நிற்கும் இரண்டு மூன்று தாய்ப்பன்றிகளே சேமிப்பு வங்கி. கடல் கொந்தளித்துப் படகு இறங்காத மாதத்தில் வீட்டுச் செலவுக்கும், பிள்ளைகளின் புத்தகத்துக்கும், பெருநாட் புத்தாடைக்கும் கைகொடுப்பது ஓர் ஈற்றுக் குட்டிகளின் விலையே.

ஆகவே, ஓர் ஈற்றில் எத்தனை குட்டிகள் பிறந்தன என்பதைக் காட்டிலும் எத்தனை குட்டிகள் பிழைத்தன என்பதே அக்குடும்பத்துக்கு முக்கியமாகும். நல்ல முறையில் நடைபெறும் பண்ணைகளிலுங்கூட, உயிரோடு பிறக்கும் குட்டிகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை பால் மறப்பதற்கு முன் இறந்துவிடுவது உலகெங்கும் காணப்படும் உண்மை. அவ்விறப்புகளுட் பாதிக்கு மேற்பட்டவை முதல் மூன்று நாள்களிலேயே நிகழ்கின்றன. மாலையிலே பதினொரு குட்டிகளை எண்ணிவிட்டுப் படுக்கச் சென்றவர், விடியலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது எட்டுக் குட்டிகளே துடிப்போடிருக்கின்றன. மூன்று குட்டிகள் தாயின் விலாவின்கீழ் நசுங்கிக் கிடக்கின்றன. கண்ணூறு என்பார் ஒருவர். தாய் பொல்லாதது என்பார் வேறொருவர்.

தாய் படுத்து நசுக்கியது உண்மையே. ஆயினும், விரைந்து விலகவேண்டிய குட்டி ஏன் விலகவில்லை என்று கேட்பதே அறிவுடைமை. பசித்த குட்டியும் குளிர்ந்த குட்டியும் தாயின் மடியை விட்டு அகலா. தாய் எழும்போதும் படுக்கும்போதும் தப்பியோட அவற்றுக்குத் திராணி இராது. எனவே, நசுங்கி இறந்ததாகக் கணக்கெழுதப்படும் குட்டிகளுட் பல, உண்மையிலே பட்டினியாலும் குளிராலும் ஏற்கெனவே பாதி இறந்தவையாகும்.

வெப்பம் மிகுந்த கரையோரத்திலே குளிர் எங்கிருந்து வந்தது என்று வியப்போர் உளர். பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடலிலுள்ள கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. அடர்ந்த உரோமமும் அதற்கில்லை. ஈரத்தோடு பிறக்கும் அவ்வுடலுக்கு ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். நள்ளிரவில் சீமெந்துத் தரையின் குளிர்ச்சி மனிதருக்கு இதமாகலாம். அக்குட்டிக்கோ அது பனிக்கட்டியை ஒக்கும். ஈரலிலும் தசையிலும் தாய் சேமித்து அனுப்பிய சிறிதளவு மாப்பொருளே அதன் கைமுதல். அது தீருமுன் பால் வயிற்றிற் சேரவேண்டும். இந்த ஓட்டத்தில் வெல்வதும் தோற்பதும் தாயின் தீனியைப் பொறுத்தது.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. இக்காலம் முழுவதும் ஒரே அளவில் தீனி வைப்பது தவறு. முற்பகுதி, கடைசி மாதம், ஈனும் நாள், பாலூட்டும் காலம் என நான்காக வகுத்து நோக்குதல் வேண்டும்.

முற்பகுதியில் சாதாரண உடலமைப்புள்ள பன்றிக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ கலப்புத் தீனி போதுமானது. சினைப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியினால் வாளி வாளியாகக் கொட்டுவோர், தம்மையறியாமலே கேடு செய்கின்றனர். மிகக் கொழுத்த தாய்க்கு ஈற்று நீளும். மூச்சடைத்து இறந்து பிறக்கும் குட்டிகள் கூடும். அசைவு மந்தமாகிக் குட்டிகளை நசுக்கும். இவற்றினும் பெரிய தீமை ஒன்றுண்டு. சினைக்காலத்திலே அளவுமீறி உண்ட பன்றி, பாலூட்டும் காலத்திலே உண்ண மறுக்கும். உண்ணவேண்டிய வேளையில் உண்ணாமற் செய்வது, உண்ணவேண்டாத வேளையில் ஊட்டியதே. மற்றொரு புறத்தில், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கண்ணுக்குத் தெரியுமளவுக்கு மெலிந்த பன்றிக்கு இக்காலத்திலேயே சற்று மிகுத்துக் கொடுத்து உடல் தேற்றவேண்டும். இடுப்பெலும்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தும்போது எலும்பு தட்டுப்படவேண்டும், ஆனாற் பார்வைக்குத் துருத்தி நிற்கலாகாது. இதுவே நடுநிலை.

கடைசி மாதத்திலே நிலைமை மாறுகின்றது. கருவிலுள்ள குட்டிகளின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது இந்த இறுதி நாள்களிலேயே கூடுகின்றது. தாயின் மடிச் சுரப்பிகள் வளர்ச்சி பெறுவதும் இப்போதுதான். ஆகவே தீனியை அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை படிப்படியாக உயர்த்துவது வழக்கம். இதனாற் குட்டியின் பிறப்பெடை இரட்டிப்பாகிவிடும் என்று நம்புதல் கூடாது. கிடைக்கும் உயர்வு சிறிதே. ஆயினும், பிறப்பெடை ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டிகளே மிகுதியாக இறக்கின்றன என்பதை எண்ணும்போது, சிறிய உயர்வும் சில உயிர்களின் விலையாகும். அளவைக் காட்டிலும் தரமே இங்கு முதன்மையானது. புரதமும் கல்சியமும் பொசுபரசும் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும். தவிட்டிலே பொசுபரசு நிறைய உண்டு; ஆனால் அதிற் பெரும்பங்கு பன்றியின் குடல் பிரித்தெடுக்க இயலாத கூட்டாகக் கட்டுண்டு கிடக்கின்றது. தவிட்டையே நம்பி வளர்க்கும் இடங்களில் எலும்புத்தூள் அல்லது தாதுப்புக் கலவை சேர்ப்பது இதனாலேயே.

ஈனும் நாளிலே, தீனியை முற்றாக நிறுத்திவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. வயிறு காலியாயிருந்தால் ஈற்று எளிதாகும் என்பது அவர்களின் எண்ணம். அண்மைக்கால ஆய்வுகள் இதற்கு மாறான ஒன்றைக் காட்டியுள்ளன. பத்துப் பன்னிரண்டு குட்டிகளைப் பல மணி நேரம் முக்கி ஈனுதல் பெரும் உழைப்பு. கடைசியாக உண்டு சில மணி நேரத்துக்குள் ஈற்றுத் தொடங்கிய பன்றிகள் விரைவாக ஈனுகின்றன. நெடுநேரம் பட்டினி கிடந்த பன்றிகளோ இடையிலே களைத்துப் போகின்றன. ஈற்று நீளும்போது இறுதியில் வெளிவரும் குட்டிகள் கொடி அறுந்து மூச்சுத் திணறி இறக்கின்றன. ஆதலின், ஈனும் நாள் நெருங்கியதும் உணவை நிறுத்தாமல், சிறு சிறு பங்காக நாளுக்கு மூன்று முறையேனும் கொடுத்தல் நன்று. அத்துடன் நார்ச்சத்தும் தண்ணீரும் வேண்டும். மலச்சிக்கலுற்ற பன்றி வேதனையோடு ஈனும். மடி வீங்கிக் காய்ச்சலுற்றுப் பால் வற்றிப்போகும் நோய்க்கும் அதுவே வழி திறக்கும். பசுந்தழையும் ஓரளவு தவிடும் குளிர்ந்த நீரும் இதற்குக் கைகண்ட மருந்து.

குட்டி பிறந்தபின் முதலிற் சுரக்கும் பாலைச் சீம்பால் என்றும் கடும்புப்பால் என்றும் வழங்குவர். மனிதக் குழந்தை நோயெதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியைக் கருப்பையிலேயே தாயிடமிருந்து பெற்றுவிடுகின்றது. பன்றிக்கு அந்த வசதி இல்லை. அதன் நச்சுக்கொடியின் அமைப்பு, தாயின் குருதியிலுள்ள எதிர்ப்புப் பொருள்களைக் கருவுக்குச் செல்லவிடாது தடுத்துவிடுகின்றது. எனவே பன்றிக்குட்டி கவசமின்றிப் போர்க்களத்திற் புகும் வீரனைப்போலப் பிறக்கின்றது. சீம்பாலே அதன் கவசம். அக்கவசத்தை அணியும் வாயிலும் நெடுநேரம் திறந்திருப்பதில்லை. பிறந்து ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் குட்டியின் குடல் அப்பொருள்களை உறிஞ்சும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. ஒவ்வொரு குட்டிக்கும் முதல் நாளில் 200 முதல் 250 கிராம் சீம்பாலேனும் சேரவேண்டும். பலமுள்ள குட்டிகள் முலைகளைப் பிடித்துக்கொள்ள, மெலிந்தவை ஓரங்கட்டப்படுமாயின், பால் குடித்து வயிறு நிறைந்த குட்டிகளை ஒரு மணி நேரம் வைக்கோற் பெட்டியிலே சூடாக வைத்துவிட்டுச் சிறியவற்றைக் குடிக்கவிடுவது செலவில்லாத சிகிச்சையாகும்.

அடுத்தது பாலூட்டும் காலம். தாய்ப்பன்றி ஏறத்தாழ மணிக்கொரு முறை பால் கொடுக்கின்றது. ஒவ்வொரு முறையும் பால் பாய்வது இருபது வினாடியளவே. அப்படியிருந்தும், பால் பெருகிய நாள்களில் ஒரு நாளுக்கு ஆறு முதல் பத்து லீற்றர்வரை சுரக்கின்றது. உடலளவோடு ஒப்பிட்டால் இது பசுவுக்கும் சளைத்ததன்று. இவ்வளவு பாலைச் சுரக்கும் தாய்க்கு, தன் உடலுக்கென இரண்டு கிலோவும், ஒவ்வொரு குட்டிக்கும் அரைக் கிலோ வீதமும் தீனி தேவை. பத்துக் குட்டிகளாயின் ஏழு கிலோ ஆகின்றது. அவ்வளவையும் முதல் நாளே கொட்டாமல், ஈன்றபின் ஒரு வாரத்துக்குள் சிறிது சிறிதாக உயர்த்தி இந்த அளவை எட்டுதல் வேண்டும். தீனி போதாதபோது தாய் பாலை உடனே குறைப்பதில்லை. தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துக் குட்டிகளுக்கு ஊட்டுகின்றது. அத்தியாகத்துக்கு உரிய கடன் பின்னர் வசூலிக்கப்படும். மெலிந்த தாய் மீண்டும் சினைப்படத் தாமதிக்கும். அடுத்த ஈற்றிலே குட்டிகள் குறையும்.

தீனியின் தரத்திலே கரையோரத்துக்கு ஒரு குறையும் ஒரு வரமும் உண்டு. தேங்காய்ப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பங்கு புரதம் இருக்கின்றது. ஆனால் எல்லாப் புரதமும் ஒன்றன்று. பல எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல் ஆவதுபோல, பல அமினோ அமிலங்கள் சேர்ந்தே புரதம் ஆகின்றது. ஓர் எழுத்துக் குறைந்தாலும் சொல் முற்றுப்பெறாது. பாலைச் சமைப்பதற்கு இன்றியமையாத லைசின் என்னும் எழுத்து புண்ணாக்கிலே மிகக் குறைவு. பாலூட்டும் பன்றியின் உணவில் அது நூற்றுக்கு ஒரு பங்களவு வேண்டப்பட, புண்ணாக்கில் ஏறத்தாழ அதன் பாதியே உண்டு. இக்குறையை நிரப்பும் வரம் கடலிலிருந்து வருகின்றது. மீன்தூளிலே லைசின் நிறைய உண்டு. சோயாப் புண்ணாக்கிலும் உண்டு. புண்ணாக்கும் தவிடும் கலந்த தீனியிலே அளவறிந்து மீன்தூளைச் சேர்ப்பவரின் குட்டிகள், புண்ணாக்கை மட்டும் நம்பியவரின் குட்டிகளிலும் செழித்து வளர்வதற்கு இதுவே காரணம்.

ஆயினும் கருவாட்டுக் கழிவைத் தீனியாக்குவோர் ஒன்றை மறத்தல் கூடாது. கருவாட்டில் உப்பு மிகுதி. உப்பு மிகுந்த தீனியை உண்டு போதிய நல்ல தண்ணீர் கிடைக்காத பன்றி, வலிப்புக் கண்டு இறந்துவிடக்கூடும். கற்பிட்டிக் குடாநாடு போன்ற இடங்களிற் கிணற்று நீரே சில காலங்களில் உவர்ப்பாவதுண்டு. அத்தகைய இடங்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். பாலூட்டும் பன்றி நாளுக்கு 20 முதல் 40 லீற்றர்வரை தண்ணீர் குடிக்கும். பாலிற் பெரும்பங்கு தண்ணீரே ஆதலால், தொட்டி வறண்டால் மடியும் வறளும்.

வெயிலும் ஒரு பகைவனே. குட்டிக்கு 34 பாகை வேண்டும். தாய்க்கோ 20 பாகையளவே இதம். ஒரே கூட்டுக்குள் இருவேறு காலநிலைகளை அமைப்பதே வளர்ப்பவரின் திறமை. மூலையில் வைக்கோல் பரப்பி, மேலே மின்குமிழ் தொங்கவிட்ட ஒரு பெட்டி குட்டிகளுக்கு. உயர்ந்த கிடுகுக் கூரையும், காற்றோட்டமும், நண்பகலில் கழுத்திற் சொட்டும் நீரும் தாய்க்கு. வியர்த்துக் குளிரும் ஆற்றல் பன்றிக்கு இல்லாமையால், வெப்பத்தில் அது உண்ணுவதைக் குறைத்துவிடுகின்றது. ஆதலால் விடியற்காலையிலும், வெயில் தணிந்த மாலையிலும் தீனி வைப்போருக்குத் தொட்டியில் மீதம் இராது.

தாயின் தீனியால் தீராத குறை ஒன்றும் உண்டு. அது இரும்புச்சத்து. ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்போடு பிறக்கும் குட்டிக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் தேவைப்பட, பாலிலிருந்து கிடைப்பது ஒரு மில்லிகிராம் மட்டுமே. ஆகவே பத்து நாளைக்குள் கையிருப்புத் தீர்ந்து குட்டி வெளிறிப்போகின்றது. 1920களில் ஸ்கொட்லாந்தின் அபெடீன் நகரில் மக்கோவன், கிரைற்றன் என்னும் ஆய்வாளர்கள் இச்சோகைக்கு இரும்புக் குறைவே காரணம் எனக் காட்டினர். தாய்க்கு எவ்வளவு இரும்பு ஊட்டினும் பாலில் அது போதியவாறு ஏறுவதில்லை. மண்ணிலே கிளறித் திரியும் குட்டி மண்ணிலிருந்து இரும்பைப் பெறும். சீமெந்துக் கூட்டில் வளரும் குட்டிக்கு அவ்வழி அடைபட்டது. 1950களிலே நடைமுறைக்கு வந்த இரும்பு ஊசிமருந்து இக்குறையைத் தீர்த்தது. பிறந்து மூன்று நாளைக்குள் 200 மில்லிகிராம் செலுத்துவது இன்றும் பொது முறையாகும்.

சிறிய அளவில் வேண்டப்படும் சத்துகள் இல்லாமையால் நேரும் பெருங்கேட்டுக்கு இரு சான்றுகள் உண்டு. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே ஃபிரெட் ஹேல் என்பவர், சினைக்கு முன்பிருந்தே விற்றமின் ஏ இல்லாத தீனியை ஊட்டிய ஒரு தாய்ப்பன்றி ஈன்ற பதினொரு குட்டிகளும் கண்மணிக் கோளமே இன்றிப் பிறந்ததை வெளியிட்டார். அதே நாட்டின் மொன்ரானாப் பகுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமமற்ற குட்டிகள் பிறந்து உடனே இறந்தன. மண்ணிலும் தீனியிலும் அயடீன் இன்மையே காரணமென்று பின்னர் அறியப்பட்டது. கடலோரத்து மீனுணவிலே அயடீன் உண்டு. வள்ளிக்கொடியிலும் கங்குனிலும் முருங்கை இலையிலும் விற்றமின் ஏயாக மாறும் பொருள் உண்டு. நாளுக்கொரு கட்டுப் பசுந்தழைக்கு ஆகும் செலவு, அதை வெட்டும் கையின் உழைப்பு மட்டுமே.

நல்ல தீனியும் கெட்ட களஞ்சியத்திலே நஞ்சாகும். ஈரக்காற்று வீசும் கரையோரத்திலே புண்ணாக்கு எளிதிற் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு தாயின் ஈரலைத் தாக்குவதோடு பால் வழியாகக் குட்டியையும் அடையும். தவிடு சில வாரங்களிலேயே காறிவிடும். காறிய எண்ணெய் விற்றமின் ஈயை அழிக்கும். ஆகவே மாதக்கணக்கில் வாங்கி அடுக்காமல், தேவைக்கேற்ப வாங்கித் தரையிலிருந்து உயர்த்திய பலகையின்மேல் வைத்தல் வேண்டும்.

ஹோட்டல்களிலும் மண்டபங்களிலும் மிஞ்சும் உணவைப் பன்றிக்கு இடும் வழக்கம் இவ்வலயத்தில் நெடுங்காலமாக உண்டு. அதிலே சத்தும் உண்டு, ஆபத்தும் உண்டு. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கையில் உறுதிசெய்யப்பட்டது. அந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனாற் பன்றிக்கு அதற்கு மருந்தில்லை. பன்றியிறைச்சி கலந்த எச்சிலுணவும் ஒரு பண்ணையிலிருந்து மறு பண்ணைக்குச் செல்லும் வாகனமும் பாதணியும் அதைக் காவிச் செல்கின்றன. மிச்ச உணவை 90 பாகையில் ஒரு மணி நேரமேனும் இடைவிடாது கிளறிக் காய்ச்சியே இடவேண்டும் என்பது உலக விலங்கு நல நிறுவனத்தின் நெறி. இயலாதவர் அதனை முற்றாகத் தவிர்ப்பதே நலம். ஆண்டுக்கணக்கில் ஊட்டித் தேற்றிய தாயை ஒரு வாளி எச்சில் ஒரு வாரத்திலே பறித்துவிடக்கூடும்.

இறந்து பிறக்கும் குட்டிகள் அனைத்துக்கும் தீனியே காரணம் என்றும் கொள்ளலாகாது. நுளம்பினாற் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சற் கிருமி சினைப்பன்றியைத் தொற்றினால், உலர்ந்தும் உயிரற்றும் குட்டிகள் பிறக்கும். 1985ஆம் ஆண்டின் இறுதியில் அநுராதபுரப் பகுதியில் அந்நோய் மனிதரிடையே பரவி உயிர்களைப் பறித்தபின், 1988இல் சிறுவர்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆதலின், நல்ல தீனி உண்ட தாயும் உயிரற்ற குட்டிகளை ஈனுமாயின், அவற்றைப் புதைத்துவிட்டு மறந்துவிடாமல், பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் கடமையாகும்.

நல்ல தீனிக்குப் பணம் வேண்டுமே என்பார் உளர். கணக்கு எளிது. எட்டுக் குட்டிகளைப் பிழைக்கவைத்த தாயும் ஐந்து குட்டிகளைப் பிழைக்கவைத்த தாயும் சினைக்காலம் முழுவதும் உண்பது ஏறத்தாழ ஒரே அளவே. மிகுதியாகப் பிழைத்த மூன்று குட்டிகளின் விலை, பாலூட்டிய வாரங்களில் மீன்தூளுக்கும் தாதுப்புக்கும் செலவிட்ட தொகையை மீட்டுத் தந்தபின் எஞ்சுவதே இலாபம். முற்பகுதியில் கொழுக்கவைக்க வீணாக்கும் தீனியை மிச்சம்பிடித்தால், பாலூட்டும் காலத்துக்கு வேண்டியதிற் பாதி கைக்கு வந்துவிடும். பணத்தைக் காட்டிலும் காலமறிதலே இங்கு பெரிய முதல்.

விடியற்காலையில் விளக்கோடு சென்று எண்ணும்போது, மாலையில் எண்ணிய தொகையே மீண்டும் வருமாயின், அது அவ்விரவின் அதிர்ஷ்டம் அன்று. நாலு மாதத்துக்கு முன்பிருந்து, நாள்தோறும் இருவேளை, தாயின் தொட்டியில் அளந்து இட்ட அறிவின் பயன் அது.